ஐந்தாம் படுக்கை

என் மனைவியை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பிரசவ வார்டில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும், தபால்காரரிலிருந்து மாடிவீட்டுக்காரர் வரை அதே பெயர்தான். கல்யாணமான புதிதில் என் டிப்போ நண்பர்கள் இதை வைத்து என்னை ஓட்டாத நாள் கிடையாது. ஊருக்கே சிஸ்டர் என்றால் உனக்கு மட்டும் எப்படி விதிவிலக்கு என்பார்கள். நாளடைவில் நானும் அவளை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். கோபம் வந்தால் மட்டும் கூப்பிடமாட்டேன். வந்த கோபம் போய்விடும் என்பதால்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கூகைக் கதையை இதுவரை வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் மச்சினி, "அத்தான், நீங்க ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பெட்டியில ஒரு எலி கூடுது. இதுக்கு மேல தாங்காது, எழுதி வச்சிடுங்க" என்றாள். அவள் என் மனைவியின் தங்கை. கண்ணாடிக் கடையில் வேலை. எதிரில் இருப்பவரின் பார்வையில் கோளாறு இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் யாரிடமும் பேச ஆரம்பிப்பாள். என் விஷயத்தில் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

ஒரு தானியக் கிடங்கில் எலித் தொல்லைக்காகக் கூரைக்குக் கீழே மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதில் ஒரு ஜோடி கூகை குடிவந்தது. அரிந்த ஆப்பிள் மாதிரி வெள்ளை முகமும் நடுவில் இரண்டு கறுப்பு விதை வைத்தது மாதிரி கண்களும் உள்ள ஆந்தை. கிடங்குக்காரர்கள் பெட்டிக்குள் சின்னக் கேமரா ஒன்றை வைத்து, இருபத்து நான்கு மணி நேரமும் இணையத்தில் நேரலையாக விட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகன் அந்த இணைப்பை அனுப்பினான். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று நல்ல மனதோடுதான் அனுப்பினான். அதற்குப் பிறகு அவன் எப்போது வீடியோவில் கூப்பிட்டாலும் இரண்டு நிமிடத்தில், சரிப்பா, டேப் வேணும், வச்சிடறேன் என்று துண்டித்துவிடுவாள். அவன் வாங்கிக் கொடுத்த தொடுதிரை டேப்தான் அது.

முதல் நாள் நாங்கள் பார்த்தபோது ஐந்து முட்டைகள் இருந்தன. நான் பறவையின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முட்டைகளை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ரெண்டாவதுல கீறல் விட்டாச்சு, இன்னிக்கு ராத்திரி தாண்டாது என்றாள். தாண்டவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் நீளமான பதிவேடு ஒன்று வாங்கிவந்தாள். அடிக்கோலால் கட்டம் போட்டாள். நேரம், தாய், ஒன்று முதல் ஐந்து வரை படுக்கை எண்கள், உணவு, குறிப்பு, கையெழுத்து. முதலில் பொரிந்தது ஒன்றாம் படுக்கை. இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகப் பொரிந்ததால் படுக்கைக்குப் படுக்கை அளவு குறைந்துகொண்டே போனது. மணிக்கு ஒரு பதிவு. காலை ஆறிலிருந்து ஒன்றரை வரை அவள். ஒன்றரையிலிருந்து ஐந்து வரை நான். ஐந்திலிருந்து பத்து வரை மறுபடியும் அவள். இரவு ஆள் பற்றாக்குறை. இரவெல்லாம் ஆண் கூகை எலி பிடித்துவந்து மூலையில் அடுக்கிவிடும். தாய் அதிலிருந்து பிய்த்துப் பிய்த்துப் பகலிலும் ஊட்டும். விடிந்ததும் எத்தனை எலி இருப்பு என்று அவள் எழுதிவிட்டுத்தான் பல் துலக்குவாள்.

நான் பேருந்து டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன். பதிவேடு எனக்குப் புதிதில்லை. ஆனால் அவளுடைய பதிவேடும் என்னுடைய பதிவேடும் வேறு வேறு சாதி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. டிப்போவில் இரண்டு பத்துக்கு வரவேண்டிய வண்டி இரண்டு பத்துக்கு வந்ததாகத்தான் எழுதுவோம். அது இரண்டு முப்பதுக்கு வந்திருந்தால் அது அந்த வண்டியின் குற்றம், பதிவேட்டை ஏன் அழுக்காக்க வேண்டும். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையாட்டுவார், நான் பேனாவால் தலையாட்டுவேன். மாலையில் உட்கார்ந்து, விட்டுப்போன கட்டங்களைக் கால அட்டவணையைப் பார்த்து நிரப்புவேன். என் கையெழுத்துள்ள எந்தப் பக்கத்திலும் ஒரு வண்டிகூடத் தாமதமாக வந்ததில்லை.

ஐந்தாம் படுக்கை பொரிந்தபோது ஈரப் பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது. கண் திறக்கவில்லை. கழுத்து நிற்கவில்லை. ஒன்றாம் படுக்கை அதற்குள் கைமுட்டி அளவு வளர்ந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்த மாமனார் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கடைசிக் குஞ்சு நலிந்துபோனால் மற்றவை அதையே தின்றுவிடும் என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள். ஒன்றாம் படுக்கை பார்க்கிற பார்வையே சரியில்லை என்று எனக்கு எச்சரிக்கை வந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்கு வார்டில் அவள் வைத்திருந்த கணக்கு ஏழு நாள். ஏழு நாள் தாண்டிவிட்டால் ஆளாகிவிடும் என்பாள். இதற்கும் அதே கணக்குத்தான்.

அந்த ஏழு நாளுக்காக அவள் தன் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போட்டாள். பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் படுக்கை தேறட்டும் என்றாள். மூன்றாம் நாள் மச்சினி நேரில் வந்து, அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள். மதியம் இரண்டு மணி. ஒன்றரைக்கு வண்டியோடு வாசலில் நின்று ஹாரன் அடித்தாள். அக்கா செருப்பில் ஒரு காலும் அறையில் ஒரு காலுமாக நின்று எனக்கு ஏழெட்டு உத்தரவுகள் போட்டாள். தாய் எழுந்து நிற்கும்போதெல்லாம் எண்ண வேண்டும், ஐந்தாவதுக்கு ஊட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், புத்தகம் எதையும் கையில் எடுக்கக் கூடாது. நான் புத்தகம் எடுக்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் என் மனசாட்சி இன்றுவரை சுத்தமாக இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு, டேப்பைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்து, எதிரில் உட்கார்ந்தேன். தாய்க்கூகை கண்ணை மூடிக்கொண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தூங்குகிறவரின் எதிரில் மூன்றரை மணி நேரம் விழித்திருப்பது எவ்வளவு கடினம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கண் விழித்தபோது மணி நாலு பத்து. முதலில் திரையைத்தான் பார்த்தேன். தாய் அதே இடத்தில், அதே மாதிரி, இறகை விரித்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் குஞ்சுகள் தெரியவில்லை. தாய் உட்கார்ந்திருந்தால் குஞ்சுகள் அடியில் இருக்கும், வண்டி நின்றால் ஆட்கள் உள்ளே இருப்பார்கள், இதில் என்ன சந்தேகம். பதிவேட்டில் மூன்று கட்டம் காலி. இரண்டு மணி, தாய் உள்ளே, ஐந்தும் நலம். மூன்று மணி, உணவு ஊட்டியது, ஐந்தும் தின்றன. நாலு மணி, ஐந்தும் நலம். மூன்றையும் ஒரே பேனாவில் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்பது டிப்போவில் முதல் வருடமே கற்றுக்கொள்கிற பாடம். நடுவில் இருப்பதற்கு வேறு பேனா எடுத்தேன். கையெழுத்தையும் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன். எழுதி முடித்தபோது உண்மையாகவே எல்லாம் பார்த்தது மாதிரி ஒரு திருப்தி வந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்னால் இருவரும் வந்துவிட்டார்கள். பல்லைப் பிடுங்கிய இடத்தில் பஞ்சு வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கடித்தபடியே இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. மச்சினிக்கு இதில் தலைகால் புரியாத சந்தோஷம். "அத்தான், அக்கா ஒரு மணி நேரம் பேசமாட்டா. உங்க வாழ்க்கையில இது ஒரு தடவைதான் வரும். சட்டுனு அனுபவிச்சுக்குங்க" என்றாள்.

அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகத் திரைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துத் தாய் எழுந்து, மூலையிலிருந்து ஒரு எலியை இழுத்துவந்து பிய்க்க ஆரம்பித்தது. குஞ்சுகள் வாயைத் திறந்தன. அவள் விரலை நீட்டி எண்ணினாள். நிறுத்தினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி நாலு விரலைக் காட்டினாள், உடனே ஐந்தையும் விரித்து, கட்டை விரலை மட்டும் ஆட்டினாள். அந்தக் கட்டை விரல் எங்கே என்று அர்த்தம்.

மச்சினி திரையில் மூக்கு படுகிற தூரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பெரியது முழுங்கியிருக்குமோ என்று கேட்டாள். வாயில் பஞ்சு வைத்துக்கொண்டும் ஒருவரை அடக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா பதிவேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். முழுங்கியிருந்தால் தொண்டை புடைத்திருக்கும். எதற்கும் புடைக்கவில்லை. தாயின் வயிற்று இறகில் ஒட்டிக்கொண்டு வெளியே போய் விழுந்திருக்கும். கிடங்குக்குப் போன் போடுங்க.

நேரலையில் போனது போனதுதான், திருப்பிப் பார்க்க வழி கிடையாது. ஆனால் படத்துக்குக் கீழே கிடங்கின் எண் இருந்தது. முந்தின வாரம் கேமராவில் தூசி படிந்திருப்பதாக அவள் புகார் செய்து, அங்கே மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர் ஏணி வைத்து ஏறித் துடைத்திருந்தார். பெட்டியைப் பொருத்தியவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கிடங்குத் தம்பி. வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரைப் பிடித்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் நடக்கிற சத்தம், மூட்டை நகர்கிற சத்தம், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"இருக்கு சார்" என்றார். "பெட்டிக்கு நேர் கீழே மூட்டை மேல கிடக்கு. சில்லுனு இருக்கு சார். செத்துடுச்சுன்னு நெனச்சேன், வாயை ஒரே ஒரு தடவை திறந்துச்சு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி என்ன செய்யட்டும் என்று அவர் கேட்டார். ஏணி இருக்கிறது, இப்போதே ஏறி உள்ளே வைத்துவிடவா என்றார். மதியம் இரண்டு மணிக்குச் சரக்கு ஏற்ற ஷட்டரைத் தூக்கியபோது தாய் படபடவென்று வெளியே பறந்ததாம், திரும்பி வர நேரம் ஆனதாம். அப்போது விழுந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

இரண்டு மணிக்கு இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். பதிவேட்டைப் புரட்டி, நாலு மணிக் கட்டத்தில் விரலை வைத்து என்னிடம் காட்டினாள். ஐந்தும் நலம். கீழே என் கையெழுத்து. பிறகு வேகமாக எழுதி என் முன்னால் தள்ளினாள். நான் உரக்கப் படிக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். நாலு மணிக்கு ஐந்தும் பெட்டியில் இருந்தன. விழுந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. உள்ளே சூடு மிச்சம் இருக்கும். நேரே தாயிடம் வைக்கச் சொல்லுங்க. அதற்குக் கீழே, அவசரத்திலும் விளக்கம் கொடுக்கிற பழக்கம் விடாமல், இன்னொரு வரி. ரெண்டு மணிக்கே விழுந்திருந்தால் வைக்கக் கூடாது, அசையாத குஞ்சைத் தாய் செத்ததாக நினைத்து மற்றதுக்கு ஊட்டிவிடும்.

போனில் கிடங்குத் தம்பி, சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் எதிரில் ஒரு தாள். அதில் நான் எழுதிய பொய், என் மனைவியின் கையெழுத்தில், அழகாக, உறுதியாக இருந்தது. நான் அதைப் படித்தால் போதும். படித்திருந்தால் குஞ்சு போயிருக்கும், பாவம் கடைசிக் குஞ்சு இப்படித்தான் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. முப்பத்தொரு வருடம் யாருக்கும் தெரியவில்லையே.

"தம்பி, நாலு மணிக்கு நான் பாக்கலை" என்றேன். "மூணு மணிக்கும் பாக்கலை. ஒன்றரைக்கு மேல நான் எதையுமே பாக்கலை. தூங்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரி ரெண்டு மணிக்குத்தான் விழுந்திருக்கும்."

பரவாயில்லை சார், மதியம்தானே, எல்லாருக்கும் கண்ணு சொருகும் என்றார் அவர். அந்த மனிதருக்கு நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரியாது. மச்சினி பதிவேட்டை எட்டிப் பார்த்து, கட்டங்களைப் பார்த்து, இரண்டு பேனாவையும் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரி. 

என் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அதற்கு அவளுக்கு நேரமில்லை. வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். வைக்க இடம் தேடினாள். என் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, ரத்தப் பஞ்சை அதில் வைத்து மூடினாள். பிறகு போனை எடுத்தாள்.

"தம்பி, சிஸ்டர் பேசறேன். குழந்தையை இப்ப பெட்டியில வைக்காதீங்க. உங்க சட்டைக்குள்ள விடுங்க. வயித்தோட வயிறா இருக்கணும். வாயில எதுவும் ஊட்டக் கூடாது. சூடுதான் முதல்ல."

பாதி நாக்கு மரத்திருந்ததால் சொற்கள் குழைந்து வந்தன. அவருக்குப் பாதிதான் புரிந்தது. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு என் வாய்க்குக் கிடைத்த உபயோகம் அதுதான். மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். நடக்காமல் ஒரே இடத்தில் உட்காரச் சொன்னாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதன் வயிற்றையும் காலையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வயிறு எவ்வளவு சூடோ கால் அவ்வளவு சூடு ஆகிற வரைக்கும் எடுக்கவே கூடாது. வார்டில் பிறந்த குழந்தைகளுக்கு அவள் பார்க்கிற முறை இது. எத்தனை அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்குச் சொல்லிக் கொடுத்தது அது முதல் தடவையாக இருக்கும்.

மச்சினி கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொன்னாள். பத்தாவது நிமிடம், வயிறு பரவாயில்லை, கால் இன்னும் சில்லுனுதான் இருக்கு என்று தகவல் வந்தது. பதினைந்தாவது நிமிடம் அவர் குரல் மாறியது.

"சிஸ்டர், கூசுது" என்றார். "நகருது."

இருபத்தைந்தாவது நிமிடம் போன் வழியாகவே ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது மாதிரி. கூகைக்குஞ்சு பசித்தால் அப்படித்தான் கத்தும். மச்சினி என் தோளில் அடித்தாள். கால் சூடாகிவிட்டதா என்று என் மனைவி மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் ஆமாம் என்று வாங்கிக்கொண்டுதான் ஏணியில் ஏற அனுமதி கொடுத்தாள்.

திரையில் தாய் சட்டென்று தலையைத் திருப்பியது. அடுத்த நொடி அது இல்லை. பெட்டி வாசலில் ஒரு பெரிய கை வந்தது. விரல் இடுக்கெல்லாம் தானியத் தூசி, கட்டை விரலில் பிளாஸ்திரி. அந்தக் கை விரிந்தது. உள்ளே ஐந்தாம் படுக்கை. நான்காம் படுக்கையை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளி, நடுவில் கதகதப்பான இடமாகப் பார்த்து அதை இறக்கிவிட்டது. பிறகு கேமராவைப் பார்த்து ஒரு தடவை டாட்டா காட்டிவிட்டு மறைந்தது. தாய் திரும்ப வேண்டுமானால் சத்தமே இருக்கக் கூடாது என்று, அவர் விளக்கை அணைத்துவிட்டு அலுவலக அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். போனை வைத்தோம்.

முப்பத்தைந்து நிமிடம் தாய் வரவில்லை. அவள் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவளைப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பழைய பஞ்சு என் கையிலேயே இருந்தது, எழுந்துபோய்ப் போட எனக்குத் தைரியம் இல்லை. இதைவிட நீளமான நேரங்களைப் பிற்பாடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கழித்திருக்கிறேன். அப்போது அவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இந்த முப்பத்தைந்து நிமிடமும் என் தோளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், பல் பிடுங்கிய கன்னத்தோடு, என் மேல் கடுங்கோபத்தோடு. இப்போது நினைத்தால் அது சொகுசாகத் தெரிகிறது.

ஆறு முப்பத்தெட்டுக்கு வாசலில் வெள்ளை முகம் தெரிந்தது. உள்ளே வந்தது. தலையை இடமும் வலமும் ஊசல் மாதிரி ஆட்டி எல்லாவற்றையும் பார்த்தது. ஐந்தாம் படுக்கையிடம் வந்து நின்று அலகைக் கீழே இறக்கியது. மச்சினி கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாம் படுக்கை கழுத்தைத் தூக்க முயன்று, விழுந்து, மறுபடியும் தூக்கி, காற்றிறங்கும் சத்தம் போட்டது. தாய் அதை அலகால் தன் பக்கம் இழுத்து வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்தது.

மச்சினி மூக்கைச் சிந்தினாள். கிடங்குத் தம்பிக்கு நானே சொல்லிடறேன் என்று போனோடு வாசலுக்குப் போனவள், அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குடும்பச் சண்டைக்கு முன்னால் கிளம்புவதில் அவளுக்கு நல்ல கணக்கு உண்டு.

சண்டை வரவில்லை. அவள் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மைக் குப்பியை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பஞ்சு வாயோடு, பேனாவை வாங்கி, காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். அழிக்கக் கூடாது. ஒரே கோடு. கீழே எழுதியது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், உண்மையை அதற்கு மேலே எழுத வேண்டும். இரண்டு மணி, பார்க்கவில்லை, தூங்கினேன். மூன்று மணி, பார்க்கவில்லை, தூங்கினேன். நாலு மணி, விழித்தேன், எண்ணவில்லை. மூன்று கையெழுத்து. அறுபத்தாறு வயதில் எழுதியவை என்பதால் சொல்கிறேன், நான் எழுதிய பதிவுகளிலேயே அவை மூன்றும்தான் நேரம் தவறாதவை.

அவள் பஞ்சை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"அப்ப அந்த டிப்போ?" என்றாள்.

என்ன டிப்போ என்றேன், தெரியாத மாதிரி.

"எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இவர் இருக்கிற டிப்போவுல ஒரு வண்டி லேட்டா வந்ததில்லைன்னு. முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

நான் வெள்ளை மைக் குப்பியை இழுப்பறையில் திருப்பி வைத்தேன்.  அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆந்தை முழி என்பார்களே, அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது அன்று நான்தான் என்று தோன்றியது. பிறகு அவள் பேனாவை எடுத்து, என் மூன்று பதிவுகளுக்கும் மேலே, ஒன்றரை மணி என்று இடுக்கில் ஒரு வரி நுழைத்து எழுதினாள். எண்ணிக் கொடுக்கவில்லை. கீழே அவள் கையெழுத்து.

இது எதற்கு என்று கேட்டேன்.

"வார்டுல போறவளும் வர்றவளும் ஒண்ணா நின்னு எண்ணணும். எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் நகர முடியாது. புருஷன்தானேன்னு நான் எண்ணாம கிளம்பிட்டேன்" என்றாள். பதிவேட்டை மூடினாள். "நாளைக்கும் ஒன்றரை மணி உங்களுதுதான்."

மறுநாள் ஒன்றே கால் மணிக்கே நான் முகம் கழுவி, கடுங்காப்பி குடித்து, தயாராக நின்றேன். ஒன்றரைக்கு இருவரும் திரைக்கு முன்னால் தோளோடு தோளாக நின்றோம். அவள் கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. தாய் எழுந்து நிற்கிற வரை காத்திருந்து எண்ணினோம். அவள் ஐந்து என்றாள். நான் ஆறு என்றேன்.

மறுபடியும் எண்ணினோம். எனக்கு மறுபடியும் ஆறுதான் வந்தது. எந்த ஆறாவது என்று கேட்டாள். மூலையில் நான்காம் படுக்கைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சுருண்டிருப்பதைக் காட்டினேன்.

"அது அவங்க சாப்பாடு" என்றாள்.

எனக்கு அப்படித் தெரியவில்லை என்றேன். நேற்று நடந்ததற்குப் பிறகு நான் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை, பார்த்ததைத்தான் எழுதுவேன் என்றேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தால் வலித்தது, வலியோடு இன்னும் சிரித்தாள். அசைகிறதா பார்ப்போம் என்று இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடம் அது அசையவில்லை. ஐந்தாம் படுக்கைதான் தட்டுத் தடுமாறி ஊர்ந்துபோய், அந்தச் சாம்பல் உருண்டையின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

எழுதுங்க என்றாள். ஐந்து, எலி ஒன்று, இருவரும் எண்ணினோம் என்று எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தை அவள் ஒரு ஆளுக்குத்தான் போட்டிருந்தாள். இரண்டையும் அதற்குள்ளேயே நெருக்கிப் போட்டோம்.